பின் சீட்டில் மணல் மூட்டை

வண்டியை நிறுத்தியதும் வெல்டிங்காரனின் இடது கால் தானாகத் தரையைத் தேடிப் போனது. பக்கவாட்டில் புதிதாக வைத்திருந்த சதுரக் குழாயில் கணுக்கால் நங்கென்று இடித்தது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. விழு என்று கெஞ்சினாலும் நின்ற இடத்தில் விழாத வண்டி. கால் ஊன்ற வேண்டிய வேலையே இல்லை. அது மனசுக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை.

"அந்தக் காலை வெட்டிக் குடு மாப்ள. வண்டியில வேற எங்கயாவது வெல்டு வச்சிரலாம்" என்றான் பக்கத்துப் பட்டறை லேத்துக்காரன்.

பின் சீட்டில் மணல் மூட்டை ஒன்று கயிற்றால் கட்டியிருந்தது. வெல்டிங்காரன் பெண்டாட்டியின் எடை. லேத்துக்காரனைத்தான் முதலில் உட்காரச் சொல்லிப் பார்த்தான். "எனக்கு இருக்கிறது ஒரே இடுப்பு" என்று அவன் கழன்றுகொண்டான்.

இடுப்புப் பேச்சு வந்தால் வெல்டிங்காரனுக்கு முகம் சுண்டிப்போகும். ஒரு வளைவில் மண் கொட்டிக் கிடந்தது, மோட்டார் சைக்கிள் வழுக்கியது, அவ்வளவுதான் கதை. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் இருந்தவளுக்கு இடுப்பெலும்பில் தகடு. எழுந்து நடமாடத் தொடங்கியபின் அவள் தையல் கம்பெனிக்கு நடந்தே போனாள், இடது காலை இழுத்து இழுத்து. பட்டறைக்கும் அதே ரோடுதான். அவளுக்கு இணையாக வண்டியை உருட்டிக்கொண்டே, "ஏறிக்கோயேன்" என்பான். "நீங்க போங்க" என்பாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. ஒருநாள் பட்டறைக்கு வந்ததும் வண்டியின் முன் பாகத்தை அறுத்துப் போட்டான். இரண்டு சக்கரத்துக்குத்தானே பயம், மூன்றாக்கிவிட்டால் போச்சு என்று அவனுக்குத் தோன்றியிருந்தது.

உடைந்த கார் ஒன்றின் முன் சக்கரங்கள், பிரேக்கோடு கிடைத்தன. குழாயில் சட்டம் அடித்தான், சக்கரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் கைகள் அடித்தான், நூல் பிடித்துச் சக்கரத்தை நேராக்கினான். ஓட்டிப் பார்த்தபோதுதான் வினை. மோட்டார் சைக்கிளில் இடது பக்கம் போக இடது கைப்பிடியை லேசாகத் தள்ளிச் சாய்வான். காலமெல்லாம் யோசிக்காமல் செய்தது. இதில் அப்படித் தள்ளியதும் வண்டி சாயாமல் வலது பக்கம் திரும்பி நேரே சுவருக்குப் போனது. பழகியது எல்லாம் தப்பாகிவிட்டது. வேகமாக வளைத்தால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. முன் சக்கரங்களுக்கு இடையே அகலத்தைக் கூட்டினான். போதாது என்று பிரித்தான், மறுபடி கூட்டினான். வீட்டில் சோற்றுத் தட்டைக்கூட இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான்.

"தட்டு எங்கயும் ஓடிப் போகாது. சாப்பிடுங்க" என்றாள் அவள்.

விடுமுறை நாளில் அவளைக் கூட்டிவந்தான். பட்டறைக்குப் பின்னால் வெறும் மைதானம். அவள் வண்டியைச் சுற்றி நடந்துவிட்டு மூட்டையைத் தட்டிப் பார்த்தாள்.

"இது யாரு?"

"நீதான்."

"இவ்வளவு குண்டாவா இருக்கேன்?"

லேத்துக்காரன் சிரித்தான். அந்தச் சிரிப்பின் தைரியத்தில் வெல்டிங்காரன் வாயை விட்டான். "வளைவுல கொஞ்சங்கூடப் பயப்படலை தெரியுமா, மூட்டை."

அவள் கயிற்றின் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அதுக்குப் பயம் எதுக்கு? முன்னாடி என்ன வருதுன்னு அதுக்குத் தெரிய வேண்டாம். அன்னைக்கு எனக்கு உங்க முதுகுதான் தெரிஞ்சுது. அப்புறம் ரோடு."

லேத்துக்காரன் தலையைச் சொறிந்துகொண்டே தன் பட்டறைக்குள் போய்விட்டான். வெல்டிங்காரன் தான் வைத்த ஒவ்வொரு வெல்டாகப் பார்த்தான். எல்லாம் நன்றாகத்தான் பிடித்திருந்தன.

"அவிழுங்க" என்றாள்.

ஏறப்போகிறாள் என்று அவசரமாக அவிழ்த்தான். மூட்டை சரிந்து மண்ணில் உட்கார்ந்தது. அவள் இடது காலைக் கையால் தூக்கிக் குறுக்கே போட்டு, முன் சீட்டில் அமர்ந்தாள்.

"ஏறுங்க பின்னால."

"உனக்கு ஓட்டத் தெரியாதே."

"உங்களுக்கும் இதை ஓட்டத் தெரியலையே."

கிளட்சைக் காட்டிக்கொடுத்தான். குனிந்து கையாலேயே முதல் கியரைப் போட்டான். பிறகு பின்னால் ஏறினான். வண்டி இரண்டு குதி குதித்துக் கிளம்பியது. கியர் மாற்றாமல் இன்ஜின் அலறியது. முதல் திருப்பத்தில் அவள் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கைப்பிடியைத் திருப்பினாள், வண்டியும் போனது. மறக்க வேண்டியது அவளுக்கு எதுவும் இல்லை. அவன்தான் பதறி எதிர்ப்பக்கம் சாய்ந்தான். உள்பக்கச் சக்கரம் எழும்பி மறுபடி தரையில் பட்டது. அவன் கை அவள் தோளுக்கு மேலே நீண்டு கைப்பிடியைத் தேடியது.

"கையை எடுங்க. மூட்டை மாதிரி உக்காருங்க."

எடுத்தான். மைதானத்தின் கேட் திறந்திருந்தது. அதற்கப்பால் ரோடு, ரோட்டில் வளைவு. அவள் வேகத்தைக் குறைக்கிறாளா கூட்டுகிறாளா என்று முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை. கைகளைத் தன் தொடைகளுக்கு அடியில் செருகி அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டான். இடது கால் மட்டும் இறங்கி, கீழே ஓடுகிற தரைக்கு மேலே, எங்கே ஊன்றலாம் என்று தேடியபடி தொங்கிக்கொண்டிருந்தது.