டாக்டர் கையெழுத்து

ரோஜா காப்பித் தட்டோடு நடுவீட்டுக்கு வந்ததும், பெண் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் பொன்னுத்தங்கம் உட்கார்ந்த நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். சுவர் தடுத்திராவிட்டால் அடுத்த தெருவுக்கே போயிருப்பாள்.

"அங்கனயே கீழ வையி தாயி. கையில தரவேண்டாம்."

ரோஜா தட்டைத் தரையில் வைத்தாள். மாப்பிள்ளை பாலகுரு எடுக்கப் போனான். தாய் முறைத்ததும் கையை மடியில் போட்டுக்கொண்டான். அடுப்படி வாசலில் நின்ற ரோஜாவின் தாய் மாடத்தி, முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிக்கொண்டிருந்தாள்.

விஸ்வநத்தத்தின் அந்தத் தெருவில் வீடு விடாமல் எல்லாரும் வெடிக் கம்பெனிக்குப் போகிறவர்கள். ரோஜா ஒருத்திதான் வேறு வேலைக்குப் போனாள். கடலோரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் டெக்னீசியன். மண், மணல், கிணற்றுத் தண்ணீர், சுரங்கத்துக் கல் என்று வருகிறவற்றில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அளந்து எழுதுவது வேலை. அதற்குக் கையுறை உண்டு, ஈயத் தடுப்பு உண்டு. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் உண்டு. அவள் உடம்பில் எவ்வளவு பட்டிருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சோதித்துச் சொல்வார்கள். நாலு வருடமாக வந்த பதில் ஒன்றுதான்: சொல்லும்படி ஏதும் இல்லை.

தெருவுக்குத்தான் சொல்லும்படி நிறைய இருந்தது. ரோஜா ஊருக்கு வந்தால் அந்த வீட்டில் லைட் போடுவதில்லை, பெண்ணே வெளிச்சம் தருகிறாள் என்றார்கள். அவள் குளித்த தண்ணீர் பாய்ந்து முருங்கைக்காய் வட்டமாகக் காய்த்ததாகப் பக்கத்து வீட்டுச் சோலைமலை சொன்னார். அந்த வீட்டில் முருங்கை மரமே கிடையாது என்பதை அவர் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. போன தீபாவளிக்கு அவள் சும்மா பார்த்த பார்வையில் ஒரு தரைச்சக்கரம் தீப்பற்றிச் சுற்றியது; அதற்கு மூன்று சாட்சி. இதையெல்லாம் கேட்டுவிட்டு ஐந்து மாப்பிள்ளை வீட்டார் போனவர்கள் போனவர்கள்தான். இது ஆறாவது.

ஆறாவதைத் தட்டிவிடவும் முடியாது. மாப்பிள்ளையின் தகப்பன் சங்கிலிமுத்து, மாடத்தி வேலை பார்க்கும் கம்பெனியில் போர்மேன். படித்த மருமகள் வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தப் படிப்பை அவள் எதற்கும் பயன்படுத்தக்கூடாது என்பதும் அவர் ஆசைதான்.

"ரெண்டே விசயம்," என்றார். "வேலைய விட்டுறணும். பெறகு, விருதுநகர்ல ஒரு லேடி டாக்டர்கிட்ட ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பை நல்லா இருக்கு, பிள்ளை தங்கும்னு கையெழுத்து வாங்கிட்டு வந்துறணும். நாளைக்கு ஊருக்கு நான் பதில் சொல்லணும்லா."

"நாளைக்கே கூட்டிட்டுப் போறேண்ணே," என்றாள் மாடத்தி.

ரோஜா திரும்பினாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேம்மா."

"கேட்டா நீ மாட்டேன்னிருப்ப."

"இப்பவும் அதத்தான சொல்லப்போறேன்."

கிணற்று நீர் எடுத்துச் சோதிக்க அனுமதி கேட்டு, அன்று காலையில்தான் சூலக்கரையில் கலெக்டர் ஆபீசில் கடிதம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கதிர் அளக்கும் கருவி பையிலேயே இருந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான். அதை வெளியே எடுத்தாள்.

"அத்தை, ஒங்களுக்கு எம்மேல கதிர் இருக்குன்னுதான பயம்? இங்கனயே அளந்துருவோம்."

"அளந்து காட்டு. எங்கண்ணு முன்னால," என்றாள் பொன்னுத்தங்கம்.

திருகியதும் கருவி டிக், டிக் என்றது. பொன்னுத்தங்கம் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள்.

"வானத்துலயும் கல்லுலயும் இருக்கறதுக்கே இம்புட்டுச் சத்தம் எப்பவும் போடும் அத்தை." தரையில் காட்டினாள். முள் பன்னிரண்டில் நின்றது. தன் நெஞ்சில், வயிற்றில், உள்ளங்கையில் வைத்தாள். பன்னிரண்டு. பாலகுருவுக்குப் பன்னிரண்டு. சங்கிலிமுத்து மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளி நின்றுபார்த்தார். அவருக்கும் அதே பன்னிரண்டுதான்.

வாசலில் பாலகுருவின் டிவிஎஸ் வண்டியில் ஒரு மூட்டை வெடியுப்பு இருந்தது. கம்பெனி தெரியாததுபோல் இருந்துகொள்ள, வீடுகளில் வைத்து வெடி செய்கிற வேலைக்குப் போர்மேன் கொண்டுபோகிற மூட்டை. அதன்மேல் வைத்ததும் சத்தம் நெருக்கமாகி, முள் பத்தொன்பதுக்கு ஏறியது.

"ஏலே, மூட்டையத் தள்ளி வையி," என்றார் சங்கிலிமுத்து மகனிடம்.

"பயப்படாதீக மாமா. அந்த உப்புல இயற்கையாவே கொஞ்சம் உண்டு. அது ஒன்னும் செய்யாது," என்றாள் ரோஜா. "வெடிச்சாத்தான் செய்யும்."

யாரும் சிரிக்கவில்லை. சங்கிலிமுத்துவின் மூத்த மகன் முனியராஜ், இரண்டு வருடம் முன்பு அதே கம்பெனியின் மருந்துக் கலவை ரூமில் வெடித்ததில் செத்துப்போனவன். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிய தாளில் போர்மேன் என்கிற இடத்தில் கையெழுத்துப் போட்டவர் தகப்பன்தான். காரியம் முடிந்த மறுவாரம் இளையவன் பாலகுருவை அதே ரூமுக்கு அனுப்பினார்.

பொன்னுத்தங்கம் காலைக் கீழே இறக்கினாள். "மிசினு சொன்னது கெடக்கட்டும். ஊருக்கு எழுத்து வேணும்."

"சரி அத்தை. நான் எழுத்து வாங்குறேன். ஒங்க மகனும் வாங்கட்டும். கலவை ரூமுக்குக் காலைல போன ஆளு, பொழுதுசாய முழுசா வீட்டுக்கு வருவாருன்னு ஒரு டாக்டர் எழுதிக் குடுக்கட்டும். ரெண்டு தாளையும் சேத்து வச்சுப் பாப்போம்."

பாலகுரு அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"ஆம்பளைக்கு எதுக்கு சர்ட்டிபிகேட்டு?" சங்கிலிமுத்து குரலை உயர்த்தவில்லை. "மாடத்தி, நாளைக்குக் கம்பெனிக்கு வரணும்லா நீ?"

மாடத்தி மகள் பக்கத்தில் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். இருபத்தெட்டு வருட அலுமினியப் பொடி. எந்தச் சோப்புக்கும் போகாமல் ரேகைக்குள் இறங்கி, உள்ளங்கை வெள்ளிப் பாத்திரம்போல் மினுங்கியது.

"இதுல வையி."

ரோஜா வைத்தாள். பன்னிரண்டு.

"அம்புட்டுத்தானா? ராத்திரிப் பூரா இருமுதேனே."

"இந்த மிசினு அந்தப் பொடிய அளக்காதும்மா."

"பெறகு எது அளக்கும்?"

"ஒன்னைய யாரும் அளக்கறதில்லம்மா."

மாடத்தி தன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய கையையோ பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"எம்மக வேலைய விடமாட்டாண்ணே," என்றாள். "ஸ்கேனுக்கும் வரமாட்டா. நீங்க போயிட்டு வாங்க."

வண்டியில் ஏறும்போது பொன்னுத்தங்கம் யாரிடமும் என்றில்லாமல் சொன்னாள்: "எம் பெரியவனுக்கு ஒருத்தரும் இப்பிடி ஒரு எழுத்து கேக்கலையே."

சங்கிலிமுத்து காதில் அது விழவில்லை. விழாமல் இருப்பதற்குத்தான் அவருக்குப் போர்மேன் வேலை கொடுத்திருந்தார்கள்.

மறுநாள் கம்பெனி வாசலில் அவர் நோட்டோடு நின்றார்.

"மாடத்தி, இன்னையிலருந்து ஒனக்குக் கலவை ரூமு."

தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். மாடத்தி வாளியை இறக்கி வைத்தாள்.

"போறேன் போர்மேன். எனக்கு ஒன்னும் ஆகாதுன்னு ஒரு டாக்டர் கையெழுத்து வாங்கியாந்து குடுங்க. அந்த நிமிசமே போறேன்."

சொல்லிவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். பின்னால் நின்ற பாண்டிச்செல்வி கொஞ்சம் யோசித்தாள். அவளும் உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒன்னு சேத்து வாங்கிருங்க போர்மேன். தனித்தனியா அலையாதீக."

பத்து மணிக்குள் வாசல் நிறைந்துவிட்டது. சீசன் நேரம். ஆர்டர் ஏற்ற வந்த லாரி உள்ளே போக வழியில்லாமல் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, லோடு எப்போது ஏறும் என்று கேட்டார்.

"டாக்டரைத் தேடிப் போயிருக்காக," என்றாள் பாண்டிச்செல்வி. "கெடைச்சதும் ஏத்துதோம்."

கம்பெனி ஆட்கள் சிவகாசி முழுக்கத் தேடினார்கள். விருதுநகருக்கும் காரை அனுப்பினார்கள். கர்ப்பப்பைக்குக் கையெழுத்துப் போட ஏழு பேர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். கலவை ரூமுக்குப் போட ஒருவரும் இல்லை.