பாஸ்ராவுக்கு எள்ளும் தண்ணீரும்

"மறுபடியும் கொட்டிட்டார்" என்றாள் வைத்தியின் மனைவி ருக்கு. "பெட்ஷீட் மாத்தி பத்து நிமிஷம் ஆகலை."

வைத்தி அப்பாவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கையில் விட்ட தண்ணீரை ஜம்புநாதன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சாய்த்து ஒழுகவிட்டார். உதடு அசைந்தது. மறுபடி கையை நீட்டினார்.

எண்பத்தைந்து வயதுக் கிழவர் தண்ணீரைச் சிந்துகிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். தர்ப்பணம் பண்ணுகிறார் என்று வைத்திக்குத் தெரிந்தது. யாருக்கென்றும் தெரிந்தது.

முதல் உலக யுத்தத்தில், ஈராக்கின் பாஸ்ராவில், மூட்டை சுமக்கப் போன தமிழ் ஆட்களின் பட்டாளத்துக்கு அவர் கணக்கெழுதும் ரைட்டர். ஒரே வாரத்துக் காலராவில் செத்தவர்களை மணலில் புதைத்துவிட்டு, ஒவ்வொருவன் ஊருக்கும் கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அவர்களுக்குக் கருமம் செய்ய ஆள் இருந்ததோ இல்லையோ. அதனால் அமாவாசைதோறும் தன் பித்ருக்கள் முடிந்ததும் அவர்கள் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல். அந்தப் பட்டாளத்தில் மிஞ்சியிருந்த டில்லி லோதி ரோடு கலியமூர்த்தியும் போன தையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன் ஓர் அமாவாசை. சாஸ்திரிகளை ஸ்கூட்டரில் கொண்டுவிட்டுவிட்டு வைத்தி ஆபீஸ் போகவேண்டும். "போறும்ப்பா. கோத்திரம் தெரியாத கூட்டத்துக்கெல்லாம் எதுக்கு? எனக்கு லேட்டாறது" என்று எரிந்து விழுந்தான். அன்றிலிருந்து பெரியவர் அந்தப் பெயர்களை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வைத்தி இப்போது காதை அவர் உதட்டருகே வைத்தான்.

"சத்தமாச் சொல்லுங்கோப்பா. கேக்கறேன்."

மூச்சுதான் வந்தது. பதினொரு மணிக்கு அதுவும் நின்றது. கை மட்டும் விரிந்தபடியே இருந்தது.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தபோது அவன் ருக்குவை உள்ளே அழைத்தான்.

"அந்தப் பேரெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கா? அடுக்களைலேர்ந்து கேட்டிருப்பியே?"

"ஏகாம்பரம், மூக்கன், காதர்..." ருக்கு நிறுத்தினாள். "அதுக்குள்ள குக்கர் விசில் அடிச்சுடுமேன்னா."

"எத்தனை பேர்?"

"தெரியலையே." புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் தகனம் முடிந்து யமுனையில் முழுகி, அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டாயிற்று. சாஸ்திரிகள் பையை மடித்தார். "ஆச்சு, கரையேறலாம்."

"இன்னும் கொஞ்சம் எள் குடுங்கோ."

"யாருக்கு? இன்னிக்கு அப்பாவுக்கு மட்டும்தான். வேற யாருக்கும் கூடாது."

"அப்பா பாதில விட்டது மாமா."

சாஸ்திரிகள் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தை அப்படியே அவன் கையில் வைத்துவிட்டுப் படியேறினார்.

"ஏகாம்பரம்" என்றான் வைத்தி, உரக்க. தண்ணீரை விட்டான். "மூக்கன்." விட்டான். "காதர்."

நாலாவது கை தண்ணீரோடு நின்றது. சொல்லப் பெயரில்லை. பேசாமல் விட்டான். இன்னொன்று. இன்னொன்று.

"ஜல்தி கரோ, பாபுஜி" என்று படியிலிருந்து யாரோ அவசரப்படுத்தினார்கள். அடுத்த பிணத்தோடு வந்தவர்கள் படித்துறைக்குக் காத்திருந்தார்கள்.

எள் தீர்ந்துபோயிற்று. எத்தனை பேர் என்று தெரியாததால் எதோடு நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. கையை மறுபடி ஆற்றில் முக்கினான்.