மாப்பிள்ளைக்குக் கொடுத்த வேஷம்

திருடனாக நடிக்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை. மற்றதெல்லாம் தயாராக இருந்தது.

பொதுமக்களும் போலீசும் சேர்ந்து தெருக்களின் பாதுகாப்பைக் கவனித்துக்கொள்ள மாநில அரசு அந்த ஆண்டு சில காவல் நிலையங்களுக்கு நிதி ஒதுக்கியிருந்தது. சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிய தெருக்களுக்கும் அதில் ஒரு பங்கு வந்தது. முதல் தவணையில், இதற்காக அமைத்த நல்லுறவுக் குழு உறுப்பினர்களுக்கு டார்ச்சும் விசிலும் ஆரஞ்சு நிற மேல்சட்டையும் வாங்கினார்கள். அடுத்த தவணை வந்தால் இருட்டான முனைகளில் விளக்குப் போடலாம். ஆனால் அது வர வேண்டுமானால், குழு உண்மையிலேயே வேலை செய்கிறது என்று உயர் அதிகாரி ஒருவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அவருக்காக ஒரு செயல்விளக்கம் நடத்த முடிவானது. ஒரு பெண்ணின் சங்கிலியை ஒருவன் பறித்துக்கொண்டு ஓடுவான். விசில் ஊதுவார்கள். தெருவின் இரண்டு முனைகளையும் குழுவினர் மறிப்பார்கள். போலீஸ் வந்து பிடிக்கும்.

சங்கிலியைப் பறிகொடுக்க, ஓய்வுபெற்ற ஆசிரியை அபிதகுஜாம்பாள் தானாகவே முன்வந்தார். பறிப்பதற்குத்தான் யாரும் வரவில்லை. மகனுக்கு விசா விண்ணப்பம் போயிருக்கிறது, இந்த நேரத்தில் இதெல்லாம் வேண்டாம் என்றார் குழு உறுப்பினர் கேசவன். இன்னொருவருக்கு முழங்கால் வலி. கான்ஸ்டபிள் ஒருவரை நடிக்க வைக்கலாமென்றால் அவர்கள் முகம் தெருவுக்கே தெரியும். நலச்சங்கத் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் கலீலைப் பார்த்தார்.

"எங்க மாப்பிள்ளை செய்வாரு சார்" என்றார் கலீல்.

கூட்டம் நடந்த அறையில் எல்லோரும் கை தட்டினார்கள்.

கலீலுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் மின்சாமான் கடை. குழுவில் இருந்த ஒரே முஸ்லிம் அவர்தான். வீட்டுக்கு வந்து மனைவி ஜஹானாராவிடம் விஷயத்தைச் சொன்னபோதும் அந்தக் கைதட்டல் அவர் முகத்தில் மிச்சமிருந்தது. ஜஹானாரா கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் மாப்பிள்ளை வந்து உட்காராமல் ஆணம் என்று அவர்கள் சொல்லும் குழம்புச் சட்டியின் மூடியைத் திறக்க மாட்டார்கள். மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் ஜஹானாரா மாப்பிள்ளை எதிரே வந்து நின்றதில்லை. எது கேட்க வேண்டுமென்றாலும் கதவுக்குப் பின்னால் நின்று மகள் மூலமாகத்தான் கேட்பாள்.

"மாப்பிள்ளையையா திருடனாக்குறீங்க?" என்றாள்.

நடிப்புதானே, அதுவும் பெரிய ஆபீசர் முன்னால் என்றார் கலீல். மகள் நிகத் அத்தாவின் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

அவள் கணவன் அசார் அனகாபுத்தூரில் பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் பட்டறை வைத்திருந்தான். போன வருஷத்து மழையில் அடையாறு உள்ளே புகுந்து தையல் மிஷின்களையும் ரெக்சின் சுருள்களையும் நாசமாக்கிவிட்டுப் போனது. அன்றிலிருந்து மாமனார் வீட்டில் இருக்கிறான். தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் மாரி என்பவருடைய மாடியறை காலியாகப் போகிறது, அங்கே மறுபடியும் தொடங்கலாம் என்று பேசி வைத்திருந்தான். அதுவரை பகல் முழுக்க வீட்டில் இருக்கும் மாப்பிள்ளையைத் தெரு எப்படிப் பார்க்கிறது என்பது நிகத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆபீசர் அவன் கையைக் குலுக்கட்டும். நாலு பெரிய மனிதர்கள் அவன் பெயரைத் தெரிந்துகொள்ளட்டும். நல்லதுதானே என்று நினைத்தாள்.

அசார் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"இது மாமா சொல்றதா, நீ சொல்றதா?"

"நான்தான் சொல்றேன் மச்சான். வீட்ல சும்மா உக்காந்திருக்கறதுக்கு இதாவது ஒரு வேலையாச்சே."

இரண்டாவது வாக்கியம் வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் கூர் அவளுக்குத் தெரிந்தது. சிரித்து மழுப்பினாள். அவன் சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரைத் தெருவில் ஷாமியானா போட்டார்கள். பெண்களுக்குத் தனியாக நாற்காலி. ஜஹானாரா வரவில்லை. நிகத் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அசார் சொன்னபடி முனையிலிருந்து நடந்து வந்து, அபிதகுஜாம்பாளுக்கு வலிக்காமல் அந்தக் கவரிங் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு ஓடினான். அவர் தேவைக்கு மேலேயே கத்தினார். விசில்கள் ஊதின. ஆரஞ்சுச் சட்டைகள் இரண்டு பக்கமும் மறித்தன. கைகளை மட்டும்தான் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து ஒரு ஆள் பாய்ந்து அசாரின் கன்னத்தில் அறைந்தான். இன்னொருவன் முதுகில் குத்தினான். சட்டைக் காலர் கிழிந்து தொங்கியது. சப்-இன்ஸ்பெக்டர் அந்தோணிசாமி ஓடி வந்து அவர்களை விலக்கிவிட்டு, ஏற்பாட்டின்படி தான் செய்ய வேண்டியதைச் செய்தார். அசாரின் பிடரியைப் பிடித்து நிமிர்த்தி அதிகாரிக்குக் காட்டினார். போட்டோக்காரர் படமெடுத்தது அப்போதுதான்.

நிகத்தின் பக்கத்தில் இருந்த பெண் முன்பின் தெரியாதவள். "மூஞ்சியப் பாருங்களேன், நெஜத் திருடன் தோத்தான்" என்று சொல்லி நிகத்தின் தொடையில் தட்டினாள்.

நிகத் சிரித்தாள்.

எழுந்து ஓடியிருக்கலாம். அது என் வீட்டுக்காரர் என்றாவது சொல்லியிருக்கலாம். சுற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, தான் மட்டும் அந்தத் திருடனுக்குச் சொந்தமாக இருப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அசார் கன்னத்தைத் தடவிக்கொண்டே பெண்கள் பக்கம் கண்ணால் தேடினான். அவளைக் கண்டுபிடித்தான். சிரிப்பு இன்னும் அவள் உதட்டில் இருந்தது.

ஆபீசர் பாராட்டினார். கலீலுக்குச் சால்வை போர்த்தினார்கள். அசாருக்கும் மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கன்னத்துக்கு ஒத்தடம் கொடுக்க நிகத் துணியை நனைத்துக்கொண்டு போனாள். அவன் அதை வாங்கித் தானே வைத்துக்கொண்டான்.

அடுத்த தவணை வந்தது. முனைகளில் விளக்குகள் எரிந்தன. மிச்சப் பணத்தில் விழிப்புணர்வுக்காகப் பெரிய பிளெக்ஸ் போர்டுகள் மூன்று அடித்தார்கள். ஒன்று ஏரிக்கரையில், ஒன்று ரயில் நிலையச் சாலையில், ஒன்று தாம்பரம் பேருந்து நிறுத்தத்தில். 'சந்தேக நபர் தென்பட்டால் உடனே தகவல் தாருங்கள்' என்று மேலே சிவப்பு எழுத்து. கீழே ஆளுயரத்துக்கு அசார். கிழிந்த காலர், வீங்கிய கன்னம், பிடரியில் காக்கிக் கை. செயல்விளக்கம் என்று எங்கேயும் போடவில்லை. போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மாடியறையைக் கேட்டு அசார் மாரியிடம் போன அன்றுதான் அந்த போர்டுகள் செய்த வேலை நிகத்துக்குத் தெரியவந்தது. மாரி கெட்டவர் இல்லை. அவர் சொன்னதை அசார் அப்படியே சொல்லிக் காட்டினான்.

"'அது நாடகம்னு எனக்குத் தெரியும் தம்பி. கீழ் வூட்ல பொம்பளைங்க கீறாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் போயி நான் சொல்லிகினு இருக்க முடியுமா? வேற எடம் பாத்துக்க' அப்படின்னாரு."

போர்டை எடுக்கச் சொல்லலாம், அத்தாவிடம் நான் பேசுகிறேன் என்றாள் நிகத். அசார் தலையாட்டினான். பிறகு சாதாரணமாகச் சொன்னான்.

"அன்னிக்கு நீ சிரிச்சத பாத்தேன்."

"எல்லாரும் சிரிச்சாங்க மச்சான்."

"ஆமா" என்றான் அவன்.

மறுநாள் கலீலோடு அவளும் காவல் நிலையத்துக்குப் போனாள். ஸ்ரீநிவாசராகவன் ஏற்கெனவே அங்கே இருந்தார். அந்தோணிசாமி எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார், டீ வரவழைத்தார். அவர் சொன்னதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. போர்டு அரசாங்கப் பணத்தில் அடித்தது, மூன்று இடத்திலும் இருக்கிறது என்று படத்தோடு அறிக்கை மேலே போய்விட்டது, அடுத்த மாதம் அதைப் பார்க்க ஆள் வருவார்கள், அதற்கு முன்னால் கழற்றினால் தன் தலைதான் உருளும் என்றார். ஸ்ரீநிவாசராகவன் நட்போடு கலீலின் தோளில் கை வைத்தார்.

"நம்ம பாய் புரிஞ்சிக்குவார். ஆக்டிங்தானே பாய், ஊருக்கே தெரியுமே."

அத்தா இப்போது சொல்லிவிடுவார் என்று நிகத் காத்திருந்தாள். மாப்பிள்ளைக்குப் பிழைப்பே போகிறது என்று சொல்வார். மேஜையைத் தட்டக்கூட வேண்டாம், அதைச் சொன்னால் போதும்.

கலீல் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பரவால்ல சார். இருக்கட்டும்."

திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கலீல் தண்டவாளத்தைப் பார்த்தபடி பேசினார். இந்தப் பக்கத்தில் எங்கே என்ன நடந்தாலும் போலீசார் முதலில் என் கடைக்கு வந்துதான் விசாரிப்பார்கள் என்றார். யார் வந்தான், யாருக்கு ஒயர் விற்றாய் என்று வாடிக்கையாளர் எதிரிலேயே கேட்பார்கள். இந்தக் குழு வந்த பிறகுதான் அதே ஆட்கள் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார்கள்.

"அவங்க பக்கத்துல உக்காரணும்னு எனக்கு ஆசை இருந்துச்சும்மா. அவ்வளவுதான்."

அதற்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டீர்களே என்று கேட்க நிகத்துக்கு வாய் வரை வந்தது. கேட்க முடியவில்லை. அவனைப் பிடித்துத் தள்ளிய கைகளில் ஒன்று அவளுடையது. ரயில் போய் கேட் திறந்ததும் இரண்டு பேரும் நடந்தார்கள்.

வீட்டில் கலீல் மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லவில்லை. போர்டைப் பார்க்க வருகிற ஆட்கள் வந்து போகட்டும், நானே ஏணி எடுத்துக்கொண்டு போய்க் கழற்றுகிறேன் என்று கூடத்தில் பொதுவாகச் சொன்னார். உள்ளே அசாருக்குக் கேட்டது. அவன் பையில் இரண்டு சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். அனகாபுத்தூரில் அம்மா வீட்டு முன்னறையில் ஒரு மிஷினைப் போட்டு, முடிந்ததைத் தைக்கப் போவதாகச் சொன்னான். குரலில் கோபம் இல்லை.

"நீ இங்கயே இரு. அங்க எடம் பத்தாது."

காலையில் அவன் கிளம்பியபோது கலீல் கடைக்குப் போய்விட்டிருந்தார். ஜஹானாரா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவன் முன்னால் வந்து நின்று, டிபன் கேரியரை அவன் கையில் நேராகக் கொடுத்தாள். அசார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் வருகிறேன் என்று நிகத் கூடவே நடந்தாள். பம்மல் வழியாக அனகாபுத்தூர் போகும் பேருந்து அந்த போர்டுக்குக் கீழேதான் நிற்கும். அங்கே நின்றவர்கள் அசாரைப் பார்த்தார்கள், தலையைத் தூக்கி போர்டைப் பார்த்தார்கள், மறுபடி அசாரைப் பார்த்தார்கள். ஆபீசுக்குப் போகிற ஒரு பெண் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அசார் அதைக் கவனிக்காதவன் போல நிற்கப் பழகியிருந்தான். அந்தப் பழக்கம்தான் நிகத்தை என்னவோ செய்தது.

"அது இவருதான்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "என் வீட்டுக்காரரு. திருடன் இல்ல. போலீஸ் கேட்டாங்கன்னு நடிச்சாரு. நடிக்கச் சொன்னது நான்."

கைப்பைக்காரி தன் செருப்பைப் பார்த்தாள். கீரைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் மட்டும் அக்கறையாக விசாரித்தாள்.

"அதுக்கு இன்னா குடுத்தாங்க?"

"சாம்பார் சாதம்" என்றான் அசார்.

"இவ்ளோ பெரிய படத்துக்கா?" என்று அந்த அம்மாள் உச்சுக் கொட்டினாள். "பிரியாணியாச்சும் கேட்டிருக்கணும் நைனா."

யாரோ சிரித்தார்கள். நிகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அசார் அவளைப் பார்க்காமலே, எல்லா போர்டுக்குக் கீழேயும் நின்று இப்படிச் சொல்வாயா என்று மெல்லக் கேட்டான். அவள் குரல் ஆறேழு பேருக்குக் கேட்டது. அந்த முகத்தைத் தினமும் ஊரே பார்த்துக்கொண்டு போகிறது.

பேருந்து வந்தது. அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்தான். யாரும் வந்து உட்காராமல் இருக்கவா, வேறெதற்காகவா என்று கீழே நின்ற நிகத்துக்குத் தெரியவில்லை. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியபோது அவள் ஏறிவிட்டாள். மாற்றுத் துணிகூட எடுத்து வரவில்லை.

அசார் பையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவள் இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொன்னேன்ல, அது பொய் மச்சான்" என்றாள். "உங்கள என் ஆளுன்னு சொல்லிக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் சிரிச்சேன்."

"தெரியும்" என்றான் அவன்.

வண்டி திருப்பத்தில் மெதுவாகப் போனது. இறங்கிவிடு என்று அவன் சொல்லவில்லை.