கதவைத் திறந்தவர்

வனவிலங்குப் பூங்காவுக்குள் ஜீப் ஓட்டுகிற எங்களில் எனக்கு மட்டும் ஒரு பட்டப்பெயர் உண்டு: கடுகு. சட்டென்று பொரிந்துவிடுவேனாம். பொரியாமல் என்ன செய்வது? மானுக்குச் சிப்ஸ் நீட்டுகிறவர்களையும், தூங்குகிற மிருகத்தைக் கைதட்டி எழுப்புகிறவர்களையும் மடியில் வைத்துக் கொஞ்சவா முடியும்? எவர் கால் தரையில் பட்டாலும் வண்டியைத் திருப்பிவிடுவேன். அழுதாலும் புரண்டாலும் நடக்காது.

அப்படிப்பட்டவன் அந்த ஞாயிற்றுக்கிழமை வாயைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். பின்னால் என் மகளோடு உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளையும் சம்பந்தியும். இன்னும் ஆகவில்லை, ஆகப்போகிறவர்கள். நாள் குறிப்பதுதான் பாக்கி. மகளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. ஒரு வாரமாகப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். கிளம்பும்போது என் மனைவி காதோரம் சொல்லி அனுப்பினாள்: "இன்னைக்கு ஒரு நாள் நீங்க கடுகு இல்ல, வெல்லம்."

சம்பந்தி குரங்கைப் பார்த்து விசிலடித்தார், சிரித்துவைத்தேன். ஓடைத் திருப்பத்தில் ஒரு யானைக்குட்டி நின்றது. குட்டி தனியாக நிற்காது. தாய் எங்கே என்று புதரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பினால், சம்பந்தி போனும் கையுமாகக் குட்டியை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார்.

ஏறிவிடச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டேன். ஒரே ஒரு போட்டோ என்று விரலைக் காட்டினார். புதர் அசைந்தது. என் மரியாதையெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது.

"ஏறுடா."

ஏறினார். வண்டியைத் திருப்பினேன். பெற்ற மகள் வாழ்க்கையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன் என்று வழி முழுவதும் நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

யாராவது இறங்கினால் ஓட்டுநர் வாசல் காவலாளியிடம் படிவம் எழுதித் தர வேண்டும். சம்பந்தி என்று விட்டுவிட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு அடுத்தவனைத் திட்டுவேன்? 'இறங்கியவர்' என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். பக்கத்தில் நின்ற சம்பந்தி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கலந்து பேசிட்டுச் சொல்றோம்."

பெண்ணைப் பெற்றவனுக்கு இதற்கு அகராதி தேவையில்லை. அடுத்த கட்டம் 'கதவைத் திறந்தவர்'. அதிலும் அதே பெயரை எழுதப் போனேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

"அவர் இல்லப்பா. கொக்கியை எடுத்துவிட்டது இவர்."

அவள் கை காட்டிய மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளே தொடர்ந்தாள்.

"தாய் பக்கத்துலதான் இருக்கும், வேண்டாம்னு ரெண்டு தடவை அவர் காதுல சொன்னேன். 'பொண்ணு வீட்டுக்காரர்தானே, இன்னைக்கு உங்கப்பா வாயைத் திறக்க மாட்டார்'னு சிரிச்சுக்கிட்டே திறந்தார்."

காவலாளி பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் சம்பந்தியிடம் திரும்பினாள். குரலில் மரியாதை குறையவில்லை.

"நீங்க கலந்து பேச வேண்டாம் மாமா. எனக்கு வேண்டாம்."

பேனாவை என்னிடமிருந்து வாங்கி அந்தக் கட்டத்தில் பெயரை அவளே எழுதினாள். அழுதுகொண்டேதான் எழுதினாள்.