சூடாகட்டும்

"ஸ்பீக்கர் ஒயரை மாட்டியாச்சா?" என்று உள்ளறையிலிருந்து டீச்சர் கேட்டபோது, அவள் கணவர் கூடத்தில் மண்டியிட்டுக் கடைசித் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆச்சு."

"ரெண்டு பக்கமும்?"

"ரெண்டு பக்கமும்தான்."

ஸ்பீக்கரை இணைக்காமல் ஓடவிட்டால் ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பேசப் பேச மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவருக்கும் அவள் டீச்சர்தான். அவர் பஸ் ஓட்டியவர். வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரிடமோ கண்ணாடிக் குழல்கள் வைத்த இந்தப் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை வாங்கிக்கொண்டு அவள் வந்து நின்றபோது, "வீட்டுல பழசுக்கு நான் ஒருத்தன் போதாதா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டு, ஒருநாள் பொறுமையாக உட்கார்ந்து ஓடவைக்கிறேன் என்றாள். அந்த நாள் வருவதற்குள் இதயம் பழுதாகி அவளைப் படுக்கையில் தள்ளிவிட்டது. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் முந்தாநாள் அனுப்பிவிட்டார். இன்று கண் விழித்ததும் அவள் கேட்டது இதைத்தான்.

மகள் அறையிலிருந்து வந்து தாழ்ந்த குரலில் பேசினாள். உள்ளே ஆக்சிஜன் ஓடுகிறது, எத்தனை காலம் சும்மா கிடந்த பெட்டியோ, ஒரு பொறி பறந்தால் என்ன ஆவது என்றாள். அவருக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் பெட்டியைக் கூடத்துக் கோடியில், தெருப்பக்க ஜன்னலடியில் வைத்திருந்தார்.

"அவளுக்கு வேற என்னம்மா நம்மால செய்ய முடியுது?" என்றார்.

மின்சாரம் நேரே போகாமல் ஒரு குண்டு பல்பு வழியாகப் போகும்படி, டீச்சர் சொல்லச் சொல்ல ஒயரை இணைத்திருந்தார். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் பயமில்லை. மங்காமல் நின்றால் உள்ளே கோளாறு, உடனே அணைத்துவிட வேண்டும்.

சுவிட்சைப் போட்டார். பல்பு வெளிச்சத்தில் கண் கூசியது. மங்குவதாகத் தெரியவில்லை.

"அணைச்சிடுங்கப்பா."

"பொறுங்க," என்றது உள்ளேயிருந்து குரல்.

விரலை சுவிட்சிலிருந்து எடுக்காமல் நின்றார். வெளிச்சம் மெல்ல இறங்கியது. வால்வுகளின் கண்ணாடிக்குள் சன்னமாய்ச் செம்மை படர்ந்தது.

"மங்கிடுச்சு டீச்சர்!"

"நல்ல பெட்டிங்க அது. அணைச்சிட்டு, பல்பைக் கழட்டிட்டு, நேரா குடுங்க." கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "உடனே பாட்டு வேணாம். சூடாகட்டும்."

மகள் உள்ளே போனாள். அவர் டீச்சர் சொன்னபடியே செய்துவிட்டு, பெட்டியின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் ஈ பறப்பதுபோல் ஓர் இரைச்சல் வந்து தணிந்தது. பிறகு செல்போனை இணைத்து, டீச்சர் எடுத்து வைத்திருந்த வயலின் இசையை ஓடவிட்டார். வில் கம்பியைத் தொடுவதற்கு முன்னால் வாசிப்பவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டீச்சர், கேக்குதா?"

பதில் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தார்.

"சத்தம் போதுமா? இன்னும் வைக்கட்டுமா?"

மகள் வந்து அறைவாசலில் நின்றாள். கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

வயலின் போய்க்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டி, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.