குளியலறையில் ஒரு ஜெனரேட்டர்

பூட்டுக்கடைக்காரருக்கு அந்தக் குடியிருப்பில் வைத்திருந்த பட்டப்பெயர் கமுக்கம். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினாலும் அதை மடித்த குடைக்குள் மறைத்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறுவார். கண்ணில் பட்டால் கேட்பார்கள், கேட்டால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் பழகிவிடும் என்பது அவர் கொள்கை. வாசற்கதவில் தம் கடைச் சரக்கையே மேலிருந்து கீழ்வரை வரிசையாக மாட்டியிருந்தார். அவர் மனைவி அத்தனையையும் திறந்து குப்பை கொட்ட வருவதற்குள் குப்பை வண்டி அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

புயல் வருகிறது என்று அறிவித்ததும் எல்லோரும் மெழுகுவர்த்திக்கு அலைந்தார்கள். கமுக்கம் மட்டும் சத்தமில்லாமல் ஒரு சின்ன ஜெனரேட்டரை வாங்கி, போர்வையில் சுற்றி, மாமனாருக்குப் படுக்கை என்று சொல்லி மாடிக்குக் கொண்டுவந்தார். "எனக்கெதுக்கு மாப்பிள்ளை இவ்ளோ கனமா ஒரு படுக்கை?" என்று கூட வந்த மாமனார் படியிலேயே கேட்டு மானத்தை வாங்கப் பார்த்தார்.

புயல் வந்தது. மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டு, மழையைக் காவலுக்கு விட்டுவிட்டுப் போனது. கரண்ட் எப்போது வரும் என்று மின்சார அலுவலகத்தில் போய்க் கேட்டவர்களுக்கு, "எங்களுக்கே இங்க இல்லைங்க" என்று பதில் கிடைத்தது. மூன்றாம் நாளும் நிலைமை அப்படியேதான் இருந்தது. செல்போன்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன.

கமுக்கம் ஜெனரேட்டரைக் குளியலறையில் வைத்தார். சத்தம் வெளியே போய்விடக் கூடாதே! அங்கிருந்த சின்ன ஜன்னலில் ஒரு தலையணையைத் திணித்தார். மற்ற ஜன்னல்களை எல்லாம் மூடி, இடுக்குகளில் பழைய துணியை அடைத்தார். வயர் வர வேண்டியிருந்ததால் குளியலறைக் கதவு மட்டும் முழுதாகச் சாத்தவில்லை.

"ஏங்க, புகை உள்ளயேதானே சுத்தும்? வெளிய வைங்களேன்" என்றாள் மனைவி.

"வெளிய வெச்சா ஊரே சார்ஜரைத் தூக்கிட்டு வந்து நிக்கும். புகைதானே, கொசுவாவது சாகும்."

மின்விசிறி சுற்றியது. டிவி பேசியது. கமுக்கத்துக்கு உலகத்தையே ஜெயித்த சந்தோஷம். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. துணி தைத்துக் கொடுக்கும் மேல்வீட்டுத் தையலக்கா நின்றிருந்தார்.

"தம்பி, வெளியூர்ல என் பொண்ணுக்கு இன்னிக்கோ நாளைக்கோ பிரசவம். போன் செத்துக் கெடக்கு. உங்க வீட்ல ஏதோ ஓடற மாதிரி சத்தம் கேட்டுச்சு. கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா?"

கமுக்கம் கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்து மூக்கை மட்டும் காட்டினார். "அதாக்கா? மாமனார் குறட்டை."

அவர் தலைக்கு மேலே திரைச்சீலை மின்விசிறிக் காற்றில் கூத்தாடிக்கொண்டிருந்தது. "காத்து நல்லா வருதே தம்பி?" என்றார் அக்கா.

"புயல் இன்னும் முழுசா ஓயலக்கா."

அந்த அம்மாள் நம்பிவிட்டார். அப்படிப்பட்டவரை ஏமாற்ற எப்படித்தான் மனம் வந்ததோ!

"என் பேரை இப்படிக் கெடுத்துட்டீங்களே மாப்பிள்ளை! நான் முழிச்சுக்கிட்டுல்ல இருக்கேன்!" என்று மாமனார் கொதித்தார்.

"அப்ப தூங்குங்க மாமா, பொய் சொன்ன பாவமாவது எனக்கு இல்லாம போகட்டும்."

சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் படுத்தார். மனைவி, "தலை வலிக்குதுங்க, குமட்டுது" என்றாள். "டிவியைக் கிட்ட உக்காந்து பாக்காதே" என்றார் கமுக்கம். அவருக்கும் கண் சொக்கியது. ஜெனரேட்டர் புகையில் நிறமும் மணமும் இல்லாத நச்சுவாயு ஒன்று உண்டு. அது ஆளைச் சாய்க்கும்போது ஏதோ தூக்கம் வருகிறது என்றுதான் தோன்றும். இது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

மேல்வீட்டில் தையலக்காவுக்குக் கை வேலையில் ஓடவில்லை. எதிர்வீட்டு பஸ் டிரைவரிடம் போய், "மனுஷன்னா நடுவுல புரண்டாவது படுக்கணும்ல? இவ்ளோ நேரமா ஒரே மாதிரி குறட்டை விட்டா அந்தப் பெரியவருக்கு என்னமோ ஆயிருச்சு, வாங்க" என்றார். இருவரும் வந்து கதவை இடித்தார்கள்.

உள்ளே சோபாவில் சரிந்திருந்த கமுக்கத்தின் காதில் அந்தச் சத்தம் எங்கிருந்தோ விழுந்தது. முதலில் வந்த யோசனை என்ன தெரியுமா? டிவியை அணைக்க வேண்டும்! எழுந்தார், கால் நிற்கவில்லை. அப்போதுதான் மேசைமேல் தலை கவிழ்ந்து கிடந்த மனைவியைப் பார்த்தார். "ஏய்!" என்றார். அசைவில்லை. "மாமா!" என்றார். பதிலில்லை.

தவழ்ந்து கதவருகே போனார். கீழ்ப் பூட்டு திறந்தது. நடுப்பூட்டுக்கு ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்துத் திறந்தார். வெளியே டிரைவர் தோளால் மோதினார். கதவு இம்மியும் நகரவில்லை. அவ்வளவு தரமான சரக்கு! வாழ்க்கையில் முதல்முறையாகக் கமுக்கம் தம் வியாபாரத்தைச் சபித்தார். சுவரைப் பிடித்து எழுந்து மேல்பூட்டையும் திறந்தவர், கதவை உள்ளே இழுத்துவிட்டு வாசலில் விழுந்தார்.

"குறட்டை இல்லக்கா… ஜெனரேட்டர்… அவங்களைத் தூக்குங்க."

டிரைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி இயந்திரத்தை நிறுத்தினார், ஜன்னல்களைத் திறந்தார். மூவரையும் காற்றோட்டத்துக்குத் தூக்கிவந்து, வேன் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார் டாக்டர். மாமனார் கண் திறந்ததும் மாப்பிள்ளையைப் பார்த்து, "இனிமே எனக்குன்னு எதையும் வாங்காதீங்க" என்றார். கமுக்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார்.

அவர்கள் வீடு திரும்பியபோது மழை விட்டிருந்தது, கரண்ட் வரவில்லை. ஜெனரேட்டர் கீழே திறந்தவெளியில், கட்டடத்தைவிட்டுத் தள்ளி ஓடியது. அதைச் சுற்றிக் குடியிருப்பே கூடியது. தையலக்கா மகளிடம் பேசிவிட்டு, "பேத்தி!" என்று கத்தினார்.

அப்போது கமுக்கம் காதைத் தீட்டிக்கொண்டார். பக்கத்துக் கட்டடத்தில், எல்லா ஜன்னலும் மூடிய ஒரு வீட்டுக்குள்ளிருந்து மெல்லிய உறுமல் வந்தது. ஓடிப்போய்க் கதவைப் படபடவென்று தட்டினார்.

"யாரு? என்ன வேணும்?" என்று உள்ளிருந்து ஒரு குரல் எரிந்து விழுந்தது.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க! மொதல்ல அதை நிறுத்திட்டு எல்லாரும் வெளிய வாங்க. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள எங்கயும் வைக்கக் கூடாது, அந்தப் புகை சத்தமில்லாம ஆளைக் கொன்னுடும். தெறந்தவெளியில, ஜன்னலுக்குத் தூரமா வைங்க. நாலு பேர் வந்து சார்ஜ் கேட்டா குடுத்துட்டுப் போங்க சார். எங்க வீட்ல என்ன ஆச்சுன்னு வந்து கேக்க நாலு பேர் இருந்ததாலதான் நாங்க மூணு பேரும் இன்னிக்கு உசிரோட இருக்கோம்!"