குழாய் போகாத வீதி

"கிராமத்துப் பெண்களின் அறியாமையாலும் ஒத்துழையாமையாலும் சோதனை தோல்வியுற்றது."

டாக்டர் வெங்கடபதி இந்த வரியைப் படித்துக் காட்டிவிட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "நீட்டா டைப் பண்ணிரு. வெள்ளிக்கிழமை கமிட்டி வருது."

"எந்தப் பெண்கள் சார்?"

"எல்லாரும்தான். மருந்தக் கோழிக்கு வெச்சாங்களோ, குப்பைல ஊத்துனாங்களோ, யாருக்குத் தெரியும்?"

"உள்ள கலந்து கொண்டாந்து கோழிக்கு வெச்சப்ப நான் பக்கத்துல நின்னு பார்த்தேன் சார். வெச்சாங்க."

"நீயும் அந்த ஊர்க்காரி மாதிரிதானே பேசுவே," என்று சிரித்தார்.

நான் அந்த ஊர்க்காரி இல்லை. என் ஊர் பொள்ளாச்சிப் பக்கம். அம்மா கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைக்கிறவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நுண்ணுயிரியல் எம்.எஸ்சி. முடித்து, கோயமுத்தூரில் இவரிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அறியாமை என்ற சொல்லை யார் மேல் எறிந்தாலும் அது என் அம்மா மேல்தான் வந்து விழும்.

டாக்டரின் ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சி. அதனால்தான் எனக்குக் கூடுதல் ஆத்திரம். கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் மூக்கு, கண், தொண்டை வழியாக நுழைகிறது. ஊசி போட்டால் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏறும். நோய் நுழைகிற அந்த ஈரச் சவ்வில் போதுமான அளவு ஏறாது. பலம் குறைத்த கிருமியை உயிரோடு குடிக்கக் கொடுத்தால் தொண்டையிலும் குடலிலுமே காவல் உண்டாகும். மரத்தில் அடைகிற நாட்டுக்கோழியைத் துரத்திப் பிடித்து ஊசி போட வேண்டிய வேலையும் இல்லை.

ஆனால் கிருமி உயிரோடு இருந்தால்தான் அது மருந்து. குளோரின் பட்டால் செத்துப்போகும். ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்த நீரில் பால் பவுடர் சேர்த்துத்தான் கரைப்போம். ஊருக்குக் கொடுக்கும் நோட்டீசில், 'பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர் ஆகாது' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். டாக்டர் சிவப்பு மையால் அடித்தார்.

"இத்தனையும் சொன்னா அவங்க கொழம்பிருவாங்க. சுத்தமான தண்ணின்னு போடு, போதும்."

போட்டேன். வாயை மூடிக்கொண்டு போட்டேன்.

செவ்வாய்க்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் காந்திபுரத்தில் பஸ் ஏறினேன். காங்கேயத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பாவாத்தாள் வீட்டு வாசலில் கோழி அடைக்கிற கொடாப்பு கவிழ்ந்து கிடந்தது. மாசியில் நான் மருந்து கொடுத்தபோது அதற்குள் பதினெட்டுக் கோழிகள் நின்றன. பங்குனிக் கடைசியில் நோய் வந்து பதினெட்டும் போய்விட்டன.

"வாங்க அம்மணி. கோழியப் பாக்க வந்தீங்களா? கூட்டித்தான் கொட்டியாச்சுங்க."

"அக்கா, அன்னைக்கு மருந்து வெச்சத மறுபடி ஒருக்காச் சொல்லுங்க. ஒன்னு விடாம."

"நீங்க சொன்ன மாதிரியேதானுங்க. காலைல ரெண்டு மணி நேரம் தண்ணி காட்டாம அடைச்சு வெச்சேன். அப்புறம் எவர்சில்வர் வட்டல நல்லா வெளக்கி…"

"தண்ணி எங்க புடிச்சீங்க?"

"குழாய்லதானுங்க! நாலு நாளைக்கு ஒருக்கா வருது, ஒரு குடத்துக்கு அடிதடி. எங்கூட்டுக்காரருக்குக் காப்பி வெக்கறதுக்குக்கூட அளந்துதான் ஊத்துவேன். கோழி என்னைக்கும் அரிசி களஞ்ச தண்ணியும் கெணத்துத் தண்ணியுந்தான் குடிக்கும். ஆனா மருந்துன்னு நீங்க அத்தன தூரத்துலிருந்து கொண்டாந்து குடுத்தீங்க. அதையப் போயி உப்புத் தண்ணில கலக்க மனசு வருமுங்களா?"

ஊர் முழுக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பதிலேயே உயர்ந்த தண்ணீரை எடுத்துக் கோழிக்கு வைத்திருக்கிறார்கள்.

தெருக்குழாயில் சொட்டிக்கொண்டிருந்ததைச் சோதனைக் குழாயில் பிடித்துக் குளோரின் பார்க்கும் திரவத்தை நாலு சொட்டு விட்டேன். பளீரென்று மஞ்சள், அத்தனை குளோரின். பக்கத்து ஊரில் காலரா என்று மாசித் தொடக்கத்திலிருந்தே தொட்டியில் பிளீச்சிங் பவுடரை அள்ளி அள்ளிப் போடுகிறார்களாம்.

ரோட்டைத் தாண்டினேன். அந்தப் பக்கம் காலனி, ஏழு வீடுகள். ஊர்ப் பெரியவர்கள் சொன்ன வீடுகளை வைத்து டாக்டர் போட்ட பட்டியலில் அந்த வீதி இல்லை. மாசியில் உடைக்காத மருந்துப் புட்டி ஒன்று மிச்சமிருந்தது. ஐஸ் பிளாஸ்கில் வைத்துத் திருப்பிக் கொண்டுபோயிருக்க வேண்டும். நான் அதை அந்த வீதியில் இருக்கும் பாப்பாயியிடம் கொடுத்து, ஏழு வீட்டுக்கும் கலக்கச் சொன்னேன். மூன்றாம் வாரம் ஊர்க்கோழிகளின் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தபோது இங்கேயும் எடுத்தேன். யாரையும் கேட்கவில்லை.

பாப்பாயி வாசலில் கோழிகள் என் செருப்பைக் கொத்த வந்தன.

"ஒன்னுகூடச் சாவலீங்களா?"

"எந்தக் கோழி சாவோணும்? மருந்து குடிச்ச கோழியாச்சுங்களே," என்று சிரித்தார்.

"எந்தத் தண்ணில கலக்குனீங்க?"

"கெணத்துத் தண்ணிதானுங்க. வேறெங்க போறது? எங்களுக்குத்தான் குழாயே போடலியே. போடாததுல நல்லது நடந்தது இது ஒன்னுதானுங்க."

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் டெக்னீசியன் ரம்லாவிடம், ஃபிரீசரின் அடித்தட்டில் நான் ஒளித்து வைத்திருந்த காலனிக் கோழிகளின் மாதிரிகளைக் காட்டினேன்.

"ஏன் நாச்சி, இதக் காட்டுனா பட்டியல்ல இல்லாத ஊட்டுக்கு மருந்து குடுத்தது வெளிய வந்துருமே? உன்னைய அனுப்பிருவாருப்பா."

"காட்டலைன்னா அந்த வரி நிக்கும். வாய்வழி மருந்தும் அதோட போச்சு."

"பைத்தியக்காரி," என்று சொல்லிவிட்டு, ஊர் மாதிரிகளையும் சேர்த்துச் சோதனைத் தட்டுகளை அடுக்கினாள். சாயந்திரம் ஐந்து மணிக்கு முடிவு வந்தது. குழாய் வீடுகளின் கோழிகளுக்குத் தொண்டையில் ஒன்றுமே இல்லை. காலனிக் கோழிகள் அத்தனைக்கும் எதிர்ப்பு ஏறியிருந்தது.

வெள்ளிக்கிழமை கமிட்டி முன்னால் டாக்டர் அந்த வரியைப் படித்து முடித்ததும் எழுந்தேன். ஊர்த் தண்ணீர் மஞ்சளாகியிருந்த சோதனைக் குழாயையும் முடிவுத் தாளையும் மேசையில் வைத்தேன். நோட்டீசில் அடித்த வரி, பாவாத்தாளின் குடம், பாப்பாயியின் கிணறு, எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "யாரக் கேட்டு அந்த வீதிக்குக் குடுத்தே?"

"யாரையும் கேக்கல சார். இந்த வரிய எழுத நீங்க அந்த ஊர்ல யாரக் கேட்டீங்க?"

கமிட்டியில் மூத்தவர் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு அறிக்கையை டாக்டரிடமே நீட்டி, "இந்த வரிய எடுத்துருங்க. குளோரின் வெவரத்தைச் சேத்து, சோதனைய இன்னொருக்கா நடத்துங்க," என்றார். டாக்டர் தன் சிவப்புப் பேனாவால் தானே அடித்தார். சாயந்திரமே எனக்குக் கடிதம் வந்துவிட்டது: விதிமீறல், மாதக் கடைசியோடு விடுவிக்கப்படுகிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஊருக்குப் போனேன். பாவாத்தாள் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"அப்ப எங்க மேல தப்பில்லீங்களா?"

"இல்லீங்க அக்கா."

"அப்புறம் யாரு மேலீங்க?"

"டாக்டர் மேல. எம்மேலயும். பிளீச்சிங் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். நோட்டீசுல இல்லைன்னு நானும் சொல்லாம உட்டுட்டேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "பதினெட்டுக் கோழிங்க! ஒரு வார்த்தை. வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

அந்தத் திட்டு சரிதான். வாங்கிக்கொண்டேன். பிறகு அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். "பாப்பாயி ஊட்ல குஞ்சு பொரிச்சிருக்குதாமா. ரெண்டு கேட்டு வாங்கித் தாங்களேன் அம்மணி. நாங்க அங்க போறதில்லீங்க."

அதுவரை டாக்டர் மேலும் என் மேலும் இருந்த கோபம் முழுசாக அவர் பக்கம் திரும்பியது.

"நீங்களே போய்க் கேளுங்க அக்கா. போறப்ப ஒரு குடம் குழாய்த் தண்ணி எடுத்துட்டுப் போங்க. கோழிக்கில்ல, அங்க இருக்கற மனுசங்களுக்கு."

அவர் கவிழ்ந்து கிடந்த கொடாப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனார். குடத்தை எடுக்கவா, கதவைச் சாத்தவா என்று பார்க்க நான் அங்கேயே நின்றேன். பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஏறவில்லை.